சாட்சி மேட்டுக் கிணறு

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே நாலு மைல் போனால், மலையாளச் சீமையின் எல்லையோரத்தில், ஒத்தப்பனைக்களம். பெயர்தான் ஒத்தப்பனை. அங்கே பனைகளை எண்ண உட்கார்ந்த ஒருவர், தாடி முளைத்து, பாதியில் எழுந்து போனதாகச் சொல்வார்கள். காற்று அதற்கும் மேல். தை மாதம் கிழக்குக் காற்று கணவாய்க்குள் நுழைந்ததென்றால், கோயமுத்தூர்ச் சந்தையில் தோளிலிருந்து நழுவிய துண்டை ஒத்தப்பனைக்களத்து வேலியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நான் பாதியைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

எழுபத்தைந்தாம் வருஷத்துத் தை மாதம், அந்தக் காற்றிலும் பறக்காமல், பொங்கியண்ணன் வீட்டுக் கிணற்றைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு கிடந்தது.

குடத்தோடு போன அவர் பெண்டாட்டி செல்லாத்தாள்தான் முதலில் பார்த்தாள். கோடு மேற்கே சரளைக்குழியிலிருந்து புறப்பட்டு, வேலியை மிதித்து, கடலைக்காட்டுக்குக் குறுக்கே வந்து, எருமை கட்டுகிற கட்டுத்தரைக்குள் புகுந்து, கிணற்றை விழுங்கிவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தது. வீட்டுச் சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒன்பது எட்டுத் தூரம்.

"ஏனுங்க, சித்தெ வெளிய வாங்க. நம்ம எருமை ரண்டாப் போச்சு."

பொங்கியண்ணன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி வந்தார். "செத்துப் போச்சா?"

"சாகலீங்க. முன்னங்காலு கோட்டுக்கு அக்கட்டால நிக்குது, பின்னங்காலு இக்கட்டால நிக்குது."

"அதுக்கு?"

"நேத்துப் பொழுதோட ஓவர்சியரு ஆளுக சுண்ணாம்புக் கூடையோட திரிஞ்சாங்கல்லொ? குழியைப் பெருசு பண்றதுக்கு அளக்கறாங்கொன்னு சொன்னீங்களே. அளந்து, நம்ம கெணத்தையும் சேத்து அளந்துட்டாங்கொ."

பொங்கியண்ணன் கோட்டை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு எதிர்த்திசையில் ஒருமுறை சுற்றி வந்தார். எப்படிச் சுற்றினாலும் கிணறு உள்ளேதான் இருந்தது.

ஊருக்கு மேற்கே புறம்போக்கில் இரண்டு ஏக்கர் சரளைக்குழி வெகுகாலமாகக் கிடந்தது. வாசலுக்குப் போடவும் வண்டித்தடத்தைத் தூர்க்கவும் களத்துக்காரர்கள் அதிலிருந்து கூடை கூடையாக அள்ளிப்போவார்கள். இப்போது மாநில எல்லை வரைக்கும் புது ரோடு வருகிறது, குழி பெரிசாகப் போகிறது என்று மார்கழியிலிருந்தே பேச்சு. பால் சொசைட்டியில் அது ஏழு ஏக்கர். கள்ளுக்கடையில் எழுபது ஏக்கர். கள்ளுக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் வாயில் பொள்ளாச்சியே குழிக்குள் போய்விட்டது.

புறம்போக்கில் தோண்டுகிற குழிக்கும் பொங்கியண்ணன் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதற்குக் காரணம் ஒரு தேங்காய்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நீரோட்டம் பார்க்கிற ஒருவரைப் பொங்கியண்ணன் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடந்தார். பொங்கியண்ணனுடைய ஒன்றரை ஏக்கர் முழுக்க நடந்தும் தேங்காய் குறட்டை விட்டுத் தூங்கியது. வேலியைத் தாண்டிப் புறம்போக்கில் ஆறு எட்டு வைத்ததும் எழுந்து நின்றது. வேறு ஆளாக இருந்தால் தேங்காயோடு வாதாடிப் பார்த்திருப்பான். பொங்கியண்ணன் அங்கேயே வெட்டினார். தண்ணீர் கண்டு, பொங்கல் வைத்து, கைப்பிடிச்சுவர் எழுப்பி முடித்தபின் வேலியைப் பிடுங்கிக் கிணற்றுக்கு அந்தப்புறமாக நட்டார். அதில் அவருக்குத் திருட்டு எண்ணம் துளியும் கிடையாது. கிணறு நம்முடையது, ஆகவே வேலி கிணற்றுக்கு வெளியே இருக்க வேண்டும். அவ்வளவுதான் நியாயம்.

அந்தத் தண்ணீர் இருக்கிறதே! சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணறும் உப்பு. இதில் மட்டும் இளநீர். அதில் துவரம்பருப்பைப் போட்டால் அடுப்பு மூட்டுவதற்குள் பாதி வெந்திருக்கும். களத்துப் பெண்கள் பதினெட்டு வீட்டிலிருந்தும் காலையில் இங்கேதான் குடம் கொண்டு வருவார்கள். செல்லாத்தாள் ஒருவரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. ஆனால் முதல் குடம் அவளுடையது. அதில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பால் சொசைட்டிக் கொட்டகையில் ஓவர்சியர் ராவுண்ணி குழியின் திட்டத்தை ஊருக்கு விளக்கினார். ராவுண்ணி நல்ல மனிதர். ஆவணியில் ரிட்டயர் ஆகப்போகிறவர். அதுவரை யாரும் தன்னை எதுவும் கேட்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. நீலத்தாள் பிளானை விரித்து நாலு மூலைக்கும் நாலு பால் கேனை வைத்தார். காற்று பிளானோடு கேன்களையும் தூக்கப் பார்த்தது. பத்துப் பேர் பத்துப் பக்கமிருந்து குனிந்து பார்த்தார்கள். பத்துப் பேருக்கும் தங்கள் தங்கள் வீடு குழிக்குள் போனது தெரிந்தது.

"ஒண்ணும் பேடிக்க வேண்டா," என்றார் ராவுண்ணி. "இது பழைய குழி. இது புதுக் குழி. இது லாரி போகிற வழி. வீடு ஒண்ணும் போகில்ல."

"ஏனுங் சார், என்ர கெணறு?" என்றார் பொங்கியண்ணன்.

"பிளான்ல கெணறு இல்லா."

"இல்லீங்களா! அப்பத் தப்பிச்சுதுங்களா?"

"அதில்ல. பிளான்ல கெணறே இல்ல. புறம்போக்குல எந்தா கெணறு?"

கூட்டத்தில் எவனோ தேங்காய் என்று முணுமுணுத்தான்.

காண்ட்ராக்டர் செங்கோட்டையன் எல்லைக்கு அந்தப்புறத்திலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் குடை. அவர் பிளானில் விரல் வைத்தார். "இங்க ஒரு சின்ன வட்டம் போட்டிருக்குதுங்களே. இது என்னங்க?"

ராவுண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வட்டம் இருந்தது. மிளகு அளவு. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

"இது... பனை ஆயிருக்கும்."

"நானூறு பனையில ஒண்ணை மட்டும் போடுவாங்களுங்களா?"

"இல்லன்னா மைப்பொட்டு ஆயிருக்கும்."

"மைப்பொட்டு இத்தனை ரவுண்டா இருக்குங்களா?"

பிளான் போட்ட சர்வேயர் மாற்றலாகி எங்கோ வடக்கே போய்விட்டார். வட்டம் என்னவென்று அவருக்குத்தான் தெரியும். அன்று மாலைக்குள் வட்டத்தைப் பற்றி ஒத்தப்பனைக்களத்தில் இருபது அபிப்பிராயம் இருந்தது. டீக்கடை வரப்போகிறது என்றார்கள். வெடிமருந்துக் கிடங்கு என்றார்கள். ஒருவர் ஹெலிகாப்டர் இறங்குமிடம் என்றார், அவரைப் பிறகு யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ராவுண்ணியோ சாப்பிடும்போதுகூட அந்த வட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகிறபோது ஒரு வட்டம் பாக்கி நிற்கலாமா?

ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளைக்குள் எழுதித் தரலாம் என்று ஒரு நோட்டீஸ் மலையாளத்தில் ஒட்டியிருந்தார்கள். செல்லாத்தாள் புருஷனை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட டீச்சர் ஜானகியம்மாளிடம் போனாள். டீச்சருக்கு இரண்டு மொழியும் எழுத வரும். காகிதத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, முதல் கேள்வியைக் கேட்டாள்.

"கெணறு யாரோடதுன்னு எழுதட்டும்?"

பொங்கியண்ணன் செல்லாத்தாளைப் பார்த்தார். செல்லாத்தாள் கூரையைப் பார்த்தாள்.

"எங்களுதுன்னே எழுதுங்க டீச்சர்," என்றார் பொங்கியண்ணன்.

"சரி. அப்போ நிலம் எந்த நம்பர்னு கேப்பாங்க. புறம்போக்குல வேலி நகர்ந்து வந்த கதை வெளிய வரும். ஒங்க ஒன்றரை ஏக்கரையும் திரும்ப அளப்பாங்க."

"அய்யோ, அப்ப எங்களுது இல்லீன்னு எழுதுங்க."

"ஒங்களுது இல்லாத கெணத்துக்கு ஒங்களுக்கு எதுக்கு ஆட்சேபணைன்னு கேப்பாங்க."

"ஊரு கெணறுன்னு எழுதினா?" என்றாள் செல்லாத்தாள்.

"ஊர்க் கெணறுன்னா பஞ்சாயத்துப் புஸ்தகத்துல இருக்கணுமே. அதுல ஒத்தப்பனைக்களத்துல கெணறே இல்லைன்னு இருக்கு."

பொங்கியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது அடிக்கு மேல வெட்டியிருக்கறனுங்க. அதுல உழுந்தா எலும்பு தேறாது. பிளான்லயும் இல்ல, புஸ்தகத்துலயும் இல்லீன்னா, நாங்க இத்தனை நாளா எதுல இருந்து தண்ணி சேந்துனோமுங்க?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினாள். காகிதம் வெள்ளையாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தது. பதினைந்து நாளும் போனது.

மாசி பிறந்ததும் குழி வெட்டுகிற கூட்டம் வந்து இறங்கியது. நாற்பது பேர். மேஸ்திரி சின்னமுத்து மலைமேல் மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டங்களுக்கு ரோடு போட்டுத் தொழில் கற்றவன். வெயிலில் வேகிற சரளைக்காட்டிலும் அவன் எஸ்டேட் சட்டத்தைத்தான் நடத்தினான். காலையில் கொம்பு ஊதிப் பேர் பதிவு, நடுவில் கருப்புத் தேயிலைத் தண்ணி, மறுபடியும் கொம்பு. கூடை சுமக்கிற பெண்களில் பிலோமியும் கத்தரீனாளும் மலையில் மழைக்குப் போடுகிற சாக்குக் கொங்காணியைத் தலையில் மாட்டிக்கொண்டு புழுதிக்குப் போட்டார்கள். களத்துப் பெண்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் களத்துப் பெண்கள் தலையிலும் சாக்கு இருந்தது.

புழுதி அப்படி. கடப்பாரை ஒரு போடு போட்டால் செம்புழுதி எழும்பி, கிழக்குக் காற்றையும் மீறி, நேரே செல்லாத்தாள் அடுப்புக்குப் போகும். ராகிக்களி சிவந்தது, மோர் சிவந்தது. வெள்ளை உப்பைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று பொங்கியண்ணனுக்கு மறந்துபோனது. ஒரு வேளைக் குழம்பில் இறங்குகிற சரளையை ஒதுக்கி வைத்தால் நாலு முழம் ரோடு போடலாம். லாரி போகிறபோதெல்லாம் சுவர் நடுங்கியது. மேற்குச் சுவரில் ஒரு விரிசல் விழுந்து, அதன் வழியே எருமை உள்ளே நடக்கிற பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பூக்கிற பருவத்தில் கடலைக்காடு பாதி போயிற்று. அது புறம்போக்குப் பாதி என்பதால் பொங்கியண்ணனால் வாய்விட்டு அழவும் முடியவில்லை.

குழி நாளொன்றுக்கு நாலு எட்டு வீதம் கிணற்றை நோக்கி நடந்து வந்தது.

கூட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் பொங்கியண்ணன் கிணற்றிலிருந்துதான். முதல் குடம் தனக்கென்று எடுத்தபின் செல்லாத்தாள் அவர்களுக்கும் சேந்திக் கொடுத்தாள். குழிக்குள் அங்கங்கே தூண் தூணாக மண் நிற்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங் மேஸ்திரி, அதென்ன கறையான் புத்துமாதிரி நிப்பாட்டி வெச்சிருக்கறீங்க? அதை வெட்ட மறந்துட்டீங்களா?"

"மறக்கலக்கா. அது சாட்சி." சின்னமுத்து பனங்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னான். "எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டா, பழைய தரை எங்க இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? அதான் அங்கங்க ஒரு குத்தை வெட்டாம விட்டுருவோம். தலையில பழைய புல்லு அப்படியே இருக்கணும். கடைசியில ஓவர்சியர் நாடா புடிச்சு, தலையில இருந்து கால்வரைக்கும் அளந்து, எத்தனை அடி வெட்டியிருக்குன்னு அளவுப் புஸ்தகத்துல எழுதுவாரு. அதுவரைக்கும் சாட்சிய எவனும் தொடக்கூடாது. ஆடு ஏறுனாக்கூட வெரட்டிருவோம்லா."

"காண்ட்ராக்டரும் தொடக்கூடாதுங்களா?"

"அவுக அப்பன் வந்தாலும் கூடாது."

செல்லாத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள். "எந்த எடத்துல விடோணும்னு ஆரு சொல்றதுங்க?"

"வெட்டுதவன்தான். நாந்தான்."

"எத்தனை பெருசு விடலாமுங்க?"

"அதெல்லாம் எங்கயும் எழுதல. ஆள் கட்டிப்புடிக்கிற அளவுக்கு விடுதது. ஏங்க்கா?"

"சும்மா கேட்டனுங்க."

சும்மா கேட்டவள் மறுநாள் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கினாள். சின்ன வெங்காயம், வரமிளகாய், மேலே நெய். சின்னமுத்துக்கும் பிலோமிக்கும் கத்தரீனாளுக்கும் வாசலில் இலை போட்டாள். அடுத்த நாளும் போட்டாள். மூன்றாம் நாள் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினாள். பொங்கியண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏம்புள்ள, கெணத்தை வெட்ட வர்றவனுக்கு விருந்து போடறயே, மூளை கீளை கொழம்பிப் போச்சா?"

"நீங்க சித்தெ பேசாம இருங்க."

நாலாம் நாள் சின்னமுத்து தானாகவே வாயைத் திறந்தான். "எக்கா, சோத்துல நெய் ஊத்துத கையப் பாத்தா ஏதோ கேக்கப்போற மாதிரி இருக்கு. என்ன வேணும், சொல்லுங்க."

"கெணத்தைச் சுத்தி ஒரு சாட்சி விட முடியுங்களா?"

பிலோமி வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்துவிட்டாள். சின்னமுத்து கையைக் கழுவிக்கொண்டு போய்க் கிணற்றைச் சுற்றி வந்தான். கைப்பிடிச்சுவரை அளந்தான், சுற்றி நடக்க இடம் விட்டான். வட்டத்தின் குறுக்களவு இருபது அடிக்குக் குறையாது.

"சாட்சின்னா தலையில பழைய தரை இருக்கணும். இருக்கு. உள்ள எட்டிப் பாத்தா எந்த மண்ணு எத்தனை அடின்னு வரிவரியாத் தெரியுது. இதவிட நல்ல சாட்சி சாந்தன்பாறையிலகூட நான் விட்டதில்ல." அவன் சிரித்தான். "ஏட்டி பிலோமி, சுண்ணாம்பு எடுத்துட்டு வா."

காண்ட்ராக்டர் செங்கோட்டையன் அந்த வட்டத்தைப் பார்த்ததும் குடையை மடக்கிவிட்டார். "என்னய்யா இது? இது சாட்சியா, சர்க்கஸ் கூடாரமா? இதுக்குள்ள மட்டும் அம்பது லாரி சரளை நிக்குது!"

ராவுண்ணியைக் கூட்டிவந்தார்கள். அவர் புது வட்டத்தைப் பார்த்தார். பையிலிருந்து பிளானை எடுத்தார். பிளானில் விரல் வைத்தார், தலையைத் தூக்கினார், மறுபடி குனிந்தார். இரண்டு மாதமாக அவர் முகத்தில் இருந்த மேகம் விலகியது.

"இதாக்கும் அந்த வட்டம்!" என்று கத்தினார். "சர்வேயர் முன்னாடியே சாட்சிக்கு எடம் போட்டு வெச்சிருக்காரு! நான் அதைப் பனைன்னு நெனச்சேனே!"

"சார், அது வேற..." என்று பொங்கியண்ணன் ஆரம்பித்தார். செல்லாத்தாள் அவர் காலை மிதித்தாள்.

"பிளான்ல உள்ளது உள்ளதுதான்," என்று ராவுண்ணி பிளானைச் சுருட்டினார். அன்று இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவர் மத்தியானச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டிருப்பார்.

செங்கோட்டையன் மட்டும் விடவில்லை. போகிறபோது செல்லாத்தாளிடம் மெல்லச் சொன்னார். "அம்மணி, கடைசி அளவு முடியற வரைக்குந்தான் அது சாட்சி. ஓவர்சியரு எழுதிக் கையெழுத்துப் போட்ட அரை மணி நேரத்துல அதை வெட்டி லாரியில ஏத்திருவேன். கெணறு எங்கயும் போகாதுங்க. வாய் மட்டும் பன்னெண்டு அடி கீழ போயிரும்."

"மழை பேஞ்சா குழித்தண்ணி பூரா, சேறும் சகதியுமா, கெணத்துக்குள்ளதானுங்க எறங்கும்?"

"அது மழை பாடு, கெணத்துப் பாடு."

சித்திரை முழுக்க வெட்டினார்கள். கிணற்றின் நாலு பக்கமும் பன்னிரண்டு அடி இறங்கிப் போயிற்று. நடுவில் கிணறு மட்டும் கோட்டைக் கொத்தளம் மாதிரி உயரத்தில் நின்றது. அதன்மேல் ஏறி நின்றால் கிழக்கே கோயமுத்தூரில் யார் வீட்டில் அடுப்பெரிகிறது என்று பார்க்கலாம். வீட்டுக் கரையிலிருந்து கிணற்றுக்கு இரண்டு பனைமரத்தைப் பிளந்து பாலம் போட்டார்கள். செல்லாத்தாள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடத்தோடு அதில் கடைத்தெருவில் நடப்பதுபோல நடந்தாள். பதினெட்டு வீட்டுப் பெண்களும் பழகிக்கொண்டார்கள். எருமை மட்டும் பாலத்தைப் பார்த்துப் பின்வாங்கியது. அதற்குத் தண்ணீர் சுமக்கிற வேலை பொங்கியண்ணன் தலையில் விழுந்தது.

"ஏம்புள்ள," என்று அவர் பாலத்தில் தவழ்ந்தபடி கேட்பார், "இப்ப இந்தக் கெணறு நம்முளுதா, கவர்மெண்டுதா, காண்ட்ராக்டருதா?"

"கீழ பாக்காம வாங்க."

வைகாசி இருபதாம் தேதி கடைசி அளவு என்று சொல்லிவிட்டார்கள். அன்று காலை செல்லாத்தாள் வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பினாள். குடம், அண்டா, நெல் அளக்கிற படி, விளக்கெண்ணெய்ப் புட்டி எதையும் விடவில்லை. நிரப்பிவிட்டு, அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். செங்கோட்டையனின் இரண்டு லாரிகள் குழியோரம் தயாராக நின்றன. கடப்பாரைகள் சாய்த்து வைத்திருந்தன.

அன்று வீசியது மேல்காற்று. கடலிலிருந்து புறப்பட்டு, வழியில் ஒரு இடத்திலும் உட்காராமல் நேரே ஒத்தப்பனைக்களத்துக்கு வந்த காற்று. நின்றவர்கள் சாய்ந்து நின்றார்கள், பேசினவர்கள் கத்திப் பேசினார்கள்.

மொத்தம் ஒன்பது சாட்சி. முதல் எட்டும் ஒழுங்காக நடந்தது. பன்னிரண்டு அடி மூன்று அங்குலம், பதினொன்று ஒன்பது, பன்னிரண்டு ஒன்று. ராவுண்ணி கண்ணில் புழுதியோடு, கேட்டதை மையில் எழுதிக்கொண்டே போனார். ஒன்பதாவது கிணற்றுச் சாட்சி. பனம்பாலத்தில் ஏற அவருக்குப் பயம், முட்டிவலி என்று சொல்லி வீட்டுக் கரையிலேயே நின்றுவிட்டார். சின்னமுத்து நாடாவின் நுனியைப் பிடிக்கக் கீழே குழிக்குள் நின்றான். மற்ற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேலேயிருந்து நாடாவை விட ஒரு ஆள் வேண்டும்.

"பொங்கியண்ணா, நீங்க ஒண்ணு போங்கோ!"

பொங்கியண்ணன் நாடாவோடு தவழ்ந்து போனார். பாலத்தின் பாதியில் பிலோமி நின்றாள், அவர் சொல்வதை இந்தப்பக்கம் சொல்வதற்கு.

"மேல இருந்து கீழ விடணும்!" என்று ராவுண்ணி கத்தினார்.

பொங்கியண்ணன் விட்டார். காற்று நாடாவைக் கீழே போகவிடவில்லை. அது பட்டம் மாதிரி எழும்பி, பனைமரத்தைத் தொட்டு, பாம்பு மாதிரி நெளிந்து திரும்பி வந்து அவர் கழுத்தைச் சுற்றியது. இழுத்துச் சுருட்டினார். மறுபடி விட்டார். மறுபடி பறந்தது. மூன்றாம் முறை, கோபத்தில், நாடாவின் வளையத்தில் ஒரு கல்லைக் கட்டினார். பிறகு அவருடைய கை, இருபத்திரண்டு வருஷமாக எதைச் செய்ததோ அதைச் செய்தது. கயிறு போன்ற எதையும் அந்த இடத்தில் நின்று எங்கே விடுவது என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பிடிச்சுவரில் வயிற்றைச் சாய்த்து, கல்லைக் கிணற்றுக்குள் இறக்கினார். உள்ளே காற்று இல்லை. நாடா நூல் பிடித்தாற்போல நேராக இறங்கியது. கல் தரை தட்டியது. கிணற்று வாயருகே இருந்த எண்ணைப் படித்தார்.

"நாப்பத்தேழு அடி, நாலு அங்குலமுங்கோ!"

"நாப்பத்தேழு நாலு!" என்று பிலோமி கத்தினாள்.

"நாற்பத்தேழு நாலு," என்று ராவுண்ணி எழுதி, அடியில் கோடு கிழித்து, கையெழுத்தும் போட்டார்.

கீழேயிருந்து சின்னமுத்துவின் குரல் வந்தது. "ஏ... நாடா எங்கய்யா? நான் எம்புட்டு நேரமாக் கையத் தூக்கிட்டு நிக்குதேன்!"

ராவுண்ணி குழியைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். பொங்கியண்ணன் சொட்டச் சொட்ட ஈரமான நாடாவைச் சுருட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தார்.

"இதெந்தா இது? நாடா நனைஞ்சிருக்கு!"

"தண்ணி ஒம்பது அடி நிக்குதுங்க சார். கோடையிலயும் கொறையாதுங்க," என்றார் பொங்கியண்ணன் பெருமையாக.

செங்கோட்டையன் ஓடிவந்து புத்தகத்தைப் பார்த்தார். "அதை அடிச்சுட்டுப் பன்னெண்டுன்னு எழுதுங்க சார்! இந்தக் கணக்குல போனா, நான் எடுத்த சரளைக்குக் காசி வரைக்கும் ரோடு போட்டிருக்கணும். என்னைத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க!"

"அளவுப் புஸ்தகத்துல அடிச்சு எழுதக்கூடாது," என்றார் ராவுண்ணி. அவர் குரல் அழுவதுபோல இருந்தது. "மை காஞ்சு போச்சு. ஆவணியில ரிட்டயர். இனி பெரிய ஆபீசர் வந்து திரும்ப அளந்து கையெழுத்துப் போடணும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சாட்சியைத் தொடக்கூடாது. இதை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. இப்போ எனக்கே இதுதான் சாட்சி!"

பொங்கியண்ணன் வேண்டுமென்று செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று ஒத்தப்பனைக்களத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி. அன்று செல்லாத்தாளிடமே கேட்டார்கள். அவள் அடுப்பை மூட்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தனை சாமர்த்தியம் இருந்தா, அந்த மனுசன் அன்னைக்கே கெணத்தை வேலிக்கு உள்ள வெட்டியிருக்க மாட்டாருங்களா?"

லாரிகள் காலியாகவே போயின. சின்னமுத்து கூட்டத்தோடு வேறு குழிக்குப் போனான். போகிறபோது பிலோமி ஒரு சாக்குக் கொங்காணியைச் செல்லாத்தாளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆனியில் ஒரு பியூன் சைக்கிளில் வந்தான். மறு அளவு முடியும்வரை ஒன்பதாம் எண் சாட்சியை வெட்டவோ, இடிக்கவோ, சேதப்படுத்தவோ கூடாது என்று உத்தரவு. அதைக் கிணற்றுச் சுவரிலேயே ஒட்டினான். ஜானகியம்மாள் டீச்சர் பாலத்தின் இந்தப்பக்கம் நின்று, பியூன் கையிலிருந்த நகலைப் படித்துச் சொன்னாள். பாதுகாக்கிற பொறுப்பாளர் என்று ஒரு கையெழுத்து வேண்டுமாம். பொங்கியண்ணனைப் போடச் சொன்னான்.

"ஏனுங், அப்ப கெணறு என்ருதுங்களா?"

"எந்தக் கெணறு?" என்றான் பியூன். காகிதத்தைப் புரட்டிப் பார்த்தான். "இதுல கெணறுன்னு ஒண்ணும் இல்லியே. சாட்சி. ஒம்பதாம் நம்பர்."

பொங்கியண்ணன் கையெழுத்துப் போட்டார்.

பிறகு மழை வந்தது. அந்த வருஷத்து மழையில் தவளைகள் குடை கேட்டன. ஏழு ஏக்கர் குழியும் நிரம்பித் தளும்பியது. கொக்குகள் வந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பழைய தடம் தண்ணீருக்கடியில் போனது, சுற்றிக்கொண்டு ஒரு மைல் நடக்க வேண்டியதாயிற்று. ராவுண்ணிக்குப் பதிலாக வந்த புது ஓவர்சியர் கரையில் நின்று, செந்நிற ஏரியையும் அதன் நடுவே நிற்கிற கிணற்றையும், ஏரிக்கு மேலே நடந்துபோய்த் தண்ணீர் சேந்திக்கொண்டு வருகிற ஒரு பெண்பிள்ளையையும் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். செல்லாத்தாள் ஒரு சொம்பு நீட்டினாள். குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இதை எப்படி அளக்க? தண்ணி வற்றட்டே," என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் செல்லாத்தாள் முதல் குடத்துக்குப் போனபோது, பாலத்தில் பொங்கியண்ணன் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார். முதுகில் ஒரு கட்டு கிளுவங்குச்சி.

"ஏனுங்க, எங்க போறீங்க அதைத் தூக்கிட்டு?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே பார்க்காமல், கவனமாகக் கிணற்று மேட்டில் ஏறி, விளிம்போரமாக முதல் குச்சியை ஊன்றி மிதித்தார்.

"வேலி போட வேண்டாமா?"